சக்கரமில்லாத தேர்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் நான்காம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே நீள மண்டபம்தான். வகுப்புகளுக்கு நடுவில் சுவர் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நான் போடும் சத்தம் அவர்களுக்குக் கேட்கும்.

அந்த ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். என்னைவிடச் சின்னவள். வந்த மாதமே பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால். என் வகுப்புப் பெண்பிள்ளைகள்கூட அவளைப் போல இரட்டைச் சடையை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். காட்டுப் பூ பறித்தால் அவள் மேசைக்குத்தான் போகும். வருடக்கணக்காக வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிப்போனவள் நான். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம்தான் தாங்கவே முடியாது. அவள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, இந்த வாரம் புதிதாக என்ன செய்தேன், யாருக்கு என்ன கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி பென்சிலை உடைத்துப் பாதியைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்திருப்பாள். ஒருவன் கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியில் மாடு செய்திருப்பான். எல்லாவற்றுக்கும் கைதட்டல். என் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அடிமட்டக் கோலால் மேசையைத் தட்டுவேன். இதெல்லாம் ஒரு பாடமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டும் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த வருடம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தோட்டத்துத் துரையின் மனைவி வருவதாக முடிவாயிற்று. கையால் ஒரு பொருளை மிக நன்றாகச் செய்து வைக்கும் வகுப்புக்கு நிஜமான தோல் பந்து பரிசு. துணிப்பந்தையே உதைத்துப் பழகிய என் பிள்ளைகள் சோறு தண்ணீர் மறந்து அதையே பேசினார்கள். எனக்குப் பந்து ஒரு பொருட்டில்லை. ஒரு தடவையாவது அவளை முந்த வேண்டும், அவ்வளவுதான்.

மாரியம்மன் தேர் செய்வோம் என்றேன். பிள்ளைகள் குச்சிகளை அடுக்கிக் கட்டினார்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் கலசம் செய்தார்கள். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீடுகளில் கெஞ்சி வாங்கிய சப்பாத்து பாலிஷ் டப்பா மூடிகள்தான் சக்கரம். கயிற்றை இழுத்தால் தேர் கடகடவென்று ஓடியது. ஐந்தாம் வகுப்பு ரயில் செய்திருந்தது. பெட்டிப் பலகையில் இன்ஜின், களிமண்ணைக் காயவைத்துச் சக்கரம். ஓரக்கண்ணால் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

கண்காட்சிக்கு முதல் நாள் இரவு பேய் மழை. காலையில் போனால் ஐந்தாம் வகுப்புப் பக்கம் கூரை ஒழுகி, ரயில் சக்கரமெல்லாம் கரைந்து சேறாகிக் கிடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். வாய் ஐயோ பாவம் என்றது. மனசுக்குள் ஜில்லென்று இருந்தது.

துரையின் மனைவியை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். என் தேர் வயிறு தரையில் படக் குந்திக்கொண்டிருந்தது. சக்கரமெல்லாம் ரயிலில்!

"யாரு கழட்டுனது?" என்று அடிக்குரலில் சீறினேன்.

முன் வரிசை வாங்கில் இருந்த சின்னப்பெண் எழுந்தாள். "நாங்க எல்லாருந்தாங்க டீச்சர். தேரு ஓடலன்னாலும் உள்ள மாரியம்மா இருப்பாங்க. ரயிலு ஓடலன்னா வெறும் பொட்டிதானுங்களே."

"பந்து வேணாமா உங்களுக்கு?"

"வேணுந்தாங்க" என்றாள், கண்ணில் நீர் முட்ட. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வெள்ளிக்கெழமையில அவங்க சொல்றதையே கேட்டுக்கிட்டு இருக்கோம் டீச்சர். நாங்களும் ஒருக்கா சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள்.

நான் அந்த டீச்சரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், என் பிள்ளைகள் அந்த வகுப்பைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

துரையின் மனைவி ரயிலை இழுத்துப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தாள். பந்து ஐந்தாம் வகுப்புக்குப் போனது. மண்டபமே அதிர என் பிள்ளைகள்தான் கை தட்டினார்கள். அந்த டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க வளத்த பிள்ளைங்க அக்கா!" என்றாள். பாதி அவள் வளர்த்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டேன். சொல்லும்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாய்ப்பாட்டை மூடி வைத்துவிட்டு, எழுந்து சொல்லுங்கள் என்றேன். சக்கரம் கொடுத்த கதையைச் சொல்ல எழுந்த ஒவ்வொருவரும் தான்தான் முதலில் கழற்றியதாகச் சொன்னார்கள்.

பொறாமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பரிசு வாங்குகிறவர்களைப் பார்த்து இப்போது வருவதில்லை. ஆசை ஆசையாய்ச் சேர்த்ததைக் கழற்றிக் கொடுக்க ஒன்பது வயதில் என் பிள்ளைகளுக்கு வந்த அந்த மனசு எனக்கு இன்றுவரை அவ்வளவு சுலபமாக வரவில்லையே என்றுதான் வருகிறது.