கதவிலிருந்து ஆறு சாண்

"செவ்வாய். தட்டு கதவிலிருந்து ஆறு சாண். மில்லு சாப்பிட்டது. மாவு சாப்பிடவில்லை. உறுமல்."

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருக்கிறது. மொத்தம் பதினேழு தாள்கள், ஒரே குண்டூசியில். ஆடி மாதம் என்பது தெரிகிறது. ஆனால் கரையான், தேதியும் ஆண்டும் இருந்த இடத்தைத் தேடிப்பிடித்துத் தின்றுவிட்டுக் மாதத்தையும் கிழமையையும் மட்டும் எனக்கு விட்டுவைத்திருக்கிறது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அதை வைத்து ஆண்டைக் கணக்கிட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

மில்லுவும் மாவும் பூனைகள். பொன்னமராவதியில் எங்கள் தெருமுனை மாவு மில்லுக்குப் பின்னால், சாக்கடைக் குழாய்க்குள் கத்திக்கொண்டிருந்த இரண்டு குட்டிகளை அம்மா எடுத்துவந்து வளர்த்தாள். சாம்பல் நிறம் மில்லு, வெள்ளை மாவு. ஒன்றின் கழுத்தில் மற்றது தலை வைத்துத்தான் தூங்கும்.

அப்பா குவைத்திலிருந்து வந்திருந்தார், ஐந்து வருடம் கழித்து. அதுவரை எனக்கு அவர் போனில் வரும் ஒரு குரல். குரல் ஆளாக வந்தபோது பயமாக இருந்தது. அந்தப் பெரிய கைகள், வீடு முழுக்கப் பரவிய செண்ட் வாடை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வந்த மறுவாரம் மாவைக் கூடையில் வைத்து பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டுவந்தார். கூடையைத் திறந்ததும் மில்லு ஓடிவந்து முகர்ந்தது. உடனே அதன் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி புடைத்தது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து, எங்கள் வீட்டில் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பாய்ந்து மாவின் காதைக் கடித்தது. தையல் போட்ட வயிற்றோடு மாவு புரண்டது. முடி பறந்தது, தரையெல்லாம் மூத்திரம். நான் தையல் மிஷின் மேல் ஏறி நின்று, "இது மாவு இல்ல! வேற பூன!" என்று கத்தினேன். அப்பா போர்வையை எறிந்து பிரித்தார்.

அம்மா கந்தல் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். "புள்ள இருக்கற வீடுங்க. இன்னொரு தடவ இப்புடி நடந்துச்சு, ரெண்டையும் அந்தச் சாக்கடக் குழாயிலயே விட்டுட்டு வந்துருங்க."

மறுபடியும் அந்தக் குழாய். அன்றிலிருந்து மற்ற பயங்களெல்லாம் அதற்குக் கீழேதான்.

அப்பா டாக்டருக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரி வாடை ஏறியதால் மில்லுவுக்கு அடையாளம் தெரியவில்லையாம். யாரோ புதிய பூனை என்று நினைக்கிறதாம். தனித்தனியாக வைக்க வேண்டும். மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்து, தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்த வேண்டும். ஒரே துண்டால் இரண்டையும் துடைக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. மாவு உள்ளறைக்குப் போனது. அப்பா தரையில் குந்தி, விரல்களை விரித்து அளந்தார்.

"அஞ்சு வருசங் கழிச்சு வந்த மனுசன், பூனைக்குச் சாண் போட்டுக்கிட்டுக் கெடக்காரு," என்றாள் அம்மா.

"குவைத்துல ஒட்டகத்துக்கே சாண் போட்ட கை இது. நீ அந்தத் தட்ட இங்கிட்டுத் தள்ளு."

பூனைகளுக்கு ஆகாது என்று செண்ட் போடுவதையும் நிறுத்திவிட்டு, எங்கள் சோப்பையே எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவில் காதை வைப்பேன். உள்ளே உறுமல் கேட்கும். அது மாவுதான் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாவின் பின்னங்கால் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. அதைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை அம்மா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது, முக்காலி போட்டு ஏறித் தாழ்ப்பாளை விலக்கினேன்.

என் கால்களுக்கு நடுவே மில்லு உள்ளே பாய்ந்தது. நான் சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மூட முடியவில்லை. கொல்லையிலிருந்து ஓடிவந்த அப்பா வெறுங்கையை நடுவில் விட்டார். நான் கண்ணைத் திறந்தபோது மில்லு அவர் மணிக்கட்டைக் கவ்வித் தொங்கிக்கொண்டிருந்தது. உதறி வெளியே தள்ளி, கதவைச் சாத்தினார். இரத்தம் சொட்டியது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முக்காலியைப் பார்த்தார். அதைத் தூக்கி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். அம்மா வந்து கேட்டதற்கு, "வேலியில முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சு. ஊசி போட்டுட்டு வாரேன்," என்றார். போகும்போது என் பக்கம் குனிந்து, "கதவு தானாத் தொறந்துகிச்சு. என்னாத்தா?" என்றார். நான் அடுப்படிக்கு ஓடினேன். முள்கம்பிக்கு எதற்கு நாலைந்து தடவை ஊசி என்று அம்மா பிறகு கேட்டாளா, தெரியாது.

நாலாவது தாள்: "வெள்ளி. கதவு தானாகத் திறந்துகொண்டது. மறுபடி ஆறு சாண்." பதினேழு தாள்களில் பொய் என்று நான் சாட்சி சொல்லக்கூடிய பதிவு இது ஒன்றுதான்.

அதன்பின் தட்டுகள் சாண் சாணாக நெருங்கின. உறுமல் நின்ற நாள், கதவு ஒரு விரற்கடை திறந்த நாள், எல்லாம் இருக்கிறது. பதினைந்தாவது தாள்: "செவ்வாய். கதவு திறந்தே இருக்கிறது. ஒரே தட்டு. மில்லு காதை நக்கிவிட்டது." அன்று அப்பா மாவின் பின்னங்காலைத் தூக்கிக் காட்டினார். கறுப்புப் புள்ளி இருந்தது. நான் எட்ட நின்றுதான் பார்த்தேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் இரண்டு தாள்கள் இருக்கின்றன. "புதன். மூன்று சாண்." "வியாழன். ஒரு சாண்." வேறு எதுவும் இல்லை.

பூனைகள் ஒரே தட்டில் சாப்பிடத் தொடங்கிய பிறகு அளக்க என்ன இருந்தது? அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவதை நானும் அந்த நாட்களில்தான் நிறுத்தியிருக்கிறேன். எந்தக் கிழமை என்று நினைவில்லை. போன மாதம் அப்பாவிடம் தாள்களைக் காட்டிக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பூனைக்குத்தான் இருக்கும். வேற யாருக்கு நான் சாண் போடப்போறேன்?" என்றார்.

அவர் அளந்ததை நான் கவனிக்கவில்லை. அப்போது பூனைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாட்களும் எதிலிருந்து எதுவரை அளந்தார் என்பது தாளில் இல்லை. இன்றுவரை உறுதிப்படவில்லை.