இரண்டு சின்னக் கோடுகள்

கொல்கத்தா கார்டன் ரீச்சில் என் லேத்துப் பட்டறை எதுவென்று கேட்டால் தெருநாய்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கப்பலுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுத்தே மூன்று லேத்துக்கு முதலாளி ஆனேன். உடைந்த பல்சக்கரத்தை விரலால் தடவியே அளவு சொல்வேன். இன்ஜினியர்கள் வாயைப் பிளப்பார்கள். இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு.

தொண்ணூறுகளில், அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ளும் பட்டறைகளுக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று உதவித்தொகை கொடுத்தது. தொழில் கற்றுக்கொடுத்தாலும் சரி, டீ வாங்க அனுப்பினாலும் சரி, பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். வாராவாரம் என்ன கற்றுக்கொடுத்தோம் என்று லாக் புக்கில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பழைய பில் ஒன்றைப் பார்த்து ‘போல்ட் கடைதல்’ என்று முதல் வரியை வரைந்து வைப்பேன். அப்புறம் கடைசிப் பக்கம்வரை இரண்டு சின்னக் கோடுகள்தான். மேலே உள்ளதே கீழேயும் என்று அர்த்தம். டிட்டோ. எந்த அதிகாரியும் புரட்டிப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மகள்.

“ஏளா, துப்பட்டாவ லேத்துக்குள்ள விட்டுராத.”

“அத வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் மாமா. நீங்க மொதல்ல வேட்டிய மடிச்சுக் கட்டுங்க.”

அவளுக்கு மரை போடக் கற்றுக்கொடுத்தேன், பல்சக்கரத்துக்குப் பல் வெட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் வருடம் அவள் கைவேலை என்னுடையதைவிடச் சுத்தமாகிவிட்டது. வேறு எவரைப் பற்றியும் நான் இப்படிச் சொன்னதில்லை.

அந்தச் சமயம், உதவித்தொகை முறையை மாற்றலாமா என்று கருத்துக் கேட்க, பட்டறைக்காரர்களைப் பாலிகஞ்சில் ஓர் ஆபீசுக்கு அழைத்தார்கள். எல்லோரும் தொகையை உயர்த்துங்கள் என்று கெஞ்சினார்கள். நான் மட்டும் எழுந்து எனக்குத் தெரிந்த வங்காளத்தில் முழங்கினேன்.

“தலைக்குக் குடுக்காதீங்க சார். தொழில் கத்துப் பரீட்சையில பாஸ் பண்ற பிள்ளைக்கு மட்டும் குடுங்க. லாக் புக்கப் பக்கம் பக்கமாப் பாருங்க. பேர மட்டும் எழுதித் திங்கிறவன் வயிறு காயட்டும்!”

அதிகாரி கை தட்டினார். அதை ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் நோட்டு என் ஞாபகத்துக்கே வரவில்லை.

சொன்னபடியே விதி மாறியது. பரீட்சைக்கு அவளை நானே கூட்டிப்போனேன். அதே அதிகாரிதான் இருந்தார். வங்காளிகள் வழக்கப்படி என்னை அண்ணன் என்ற அர்த்தத்தில் ‘தாதா’ என்பார். நோட்டைப் புரட்டினார்.

“என்ன தாதா இது? மூணு வருஷமும் போல்ட் மட்டுமா?”

“சார், அவள லேத்துல நிப்பாட்டிப் பாருங்க. பல் வெட்டச் சொல்லுங்க.”

“பக்கம் பக்கமாப் பாக்கச் சொன்னதே நீங்கதான தாதா?”

அவர் குத்திக் காட்டவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். நோட்டில் பதியாத பயிற்சி நடக்காத பயிற்சி, மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும் என்றார். ரயில்வே பட்டறை வேலைக்கு அவள் மனு போட்டிருந்தாள். அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் அழவில்லை.

“ஒரு வாரமாவது பல் வெட்டினாள்னு எழுதியிருக்கலாம்ல மாமா? என்கிட்ட குடுத்திருந்தா நானே எழுதியிருப்பேனே.”

கொடுத்திருக்கலாம். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். எனக்கு எழுத வராது என்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்றே நோட்டை மூன்று வருடமும் டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். அன்று அவளிடம் இதைச் சொல்லவில்லை.

அந்த விதி சரியான விதிதான், இன்றைக்கும் சொல்வேன். இப்போது பட்டறைப் பிள்ளைகளிடமே நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்கிறேன். அதன் பிறகு நாலு பேர் பாஸ் பண்ணிவிட்டார்கள்.

அவள் காளிகாட்டில் ஒரு வளையல் கடையில் நிற்கிறாள். போன துர்கா பூஜை சமயத்தில் அந்தப் பக்கம் போனபோது, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். வளையலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து சிரித்தாள்.

“டிட்டோ, மாமா.”