ஹெஸ்டர் மட்ஜ் கையெழுத்துப் போட்ட பயணம்

இங்கிலாந்தில் டெவன் பக்கம் ரொட்டிக்கடை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் ஹெஸ்டர் மட்ஜ். ஆண்களெல்லாம் போருக்குப் போய்விட்டதால், நாற்பத்திரண்டாம் வருஷம் அவளுக்கு அரசாங்கக் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. காரோடு சேர்த்து திருவாளர் பெத்திபிரிட்ஜும் தலையில் வந்து விழுந்தார்.

பெத்திபிரிட்ஜ் அந்த மாவட்டத்தில் அரசு கார்களின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரி. நடந்து போகிற தூரத்துக்குக் கார் எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை எழுதுவார். அதைத் தபாலில் சேர்க்க, நாலு கட்டடம் தள்ளியிருந்த தபாலாபீசுக்குக் காரில் போவார். பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நர்ஸ் ஒருத்தி முட்டை வாங்கினாள் என்பதற்காக அவளுடைய பெட்ரோலைப் பாதியாகக் குறைத்த புண்ணியவான்.

ஒவ்வொரு காரிலும் ஒரு பயணக் குறிப்பேடு உண்டு. எங்கே, எதற்கு என்று அதிகாரி எழுத வேண்டும். நடந்தது அதுதான் என்று ஓட்டுநர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அடுத்த மாதப் பெட்ரோல் இல்லை. அடுத்தவர்கள் ஊர் சுற்றுவார்களே என்ற வயிற்றெரிச்சலில் இந்த விதியைக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

மார்ச் மாதம் பிளிமத்தில் ஒரு கூட்டம். கார் பயணங்களைக் குறைப்பது எப்படி என்று பேச, அதிகாரிகள் ஆளுக்கொரு காரில் போனார்கள். ஹெஸ்டரின் கணவன் சைலஸ், கப்பலில் நீராவிக் குழாய் வெடித்துக் கை இரண்டும் வெந்து, அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான்.

“சார், ஆஸ்பத்திரி நம்ம வழியிலேர்ந்து அரை மைல்தான். பத்து நிமிஷம் பார்த்துட்டு வந்துடறேன். நாளைக்கு அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிடறாங்க.”

“போக அரை, வர அரை. ஒரு மைல் பெட்ரோல், மிசஸ் மட்ஜ். ஆளாளுக்கு இப்படிக் கேட்டா ஜெர்மன்காரன் நாளைக்கே வந்து நம்ம வீட்டுல டீ குடிப்பான்.”

ஹெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கூட்டம் முடிந்ததும் அவர் குரல் குழைந்தது. ஊருக்கு வெளியே பதினோரு மைலில் தெரிந்தவர் பண்ணை ஒன்று இருக்கிறதாம், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமாம். எட்டிப் பார்த்ததில் ரேஷனுக்குத் தப்பிய முழுப் பன்றித் தொடை ஒன்று செய்தித்தாள் சுற்றி டிக்கியில் ஏறியது. பண்ணைக்காரர் ஊற்றிக்கொடுத்த ஆப்பிள் மதுவில் பெத்திபிரிட்ஜ் பின்சீட்டிலேயே தூங்கிப்போனார்.

எதிரிக்கு உதவும் என்று ஊர்ப் பலகைகளையெல்லாம் எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். கண் விழித்தவருக்கு இடம் புரியவில்லை.

“இது எந்த ஊரு?”

“ஆஸ்பத்திரி வாசல், சார்.”

“உங்க வேலை போச்சு, மிசஸ் மட்ஜ்.”

“போகட்டும் சார். முதல்ல குறிப்பேட்டை எழுதுங்க. பண்ணைக்குப் போனது, டிக்கியில இருக்கறது எல்லாத்தையும் எழுதினா நான் கையெழுத்துப் போடறேன்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு, ‘காயமுற்ற மாலுமிகளைச் சந்தித்து ஆறுதல் கூறியது’ என்று எழுதி நீட்டினார். வெட்கம் மட்டும் இந்த மனுஷனுக்கு ரேஷனில்கூடக் கிடைத்ததில்லை போலும்.

ஹெஸ்டர் படித்துப் பார்த்தாள். “நடந்ததுக்குத்தானே சார் கையெழுத்து? இது இன்னும் நடக்கலையே. வாங்க, உள்ள போவோம்.”

வார்டில் பதினான்கு கட்டில். சைலஸ் கதவோரம் முதல் கட்டிலில் இருந்தான். ஹெஸ்டர் அதிகாரியைக் கடைசிக் கட்டிலுக்குக் கூட்டிப்போய் விட்டாள். “இங்கேருந்து ஆரம்பிங்க சார். ஒருத்தரையும் விட்டுடாதீங்க.” பெரிய மனிதர் வந்த பெருமையில் தலைமை நர்ஸ் கட்டிலுக்குக் கட்டில் நாற்காலி போட்டாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று ஹெஸ்டரை யாரும் விரட்டவில்லை.

“எப்படி வந்தே?” என்றான் சைலஸ்.

“கவர்மென்ட் கார்ல.”

“சும்மா கதை விடாதே.”

கைகள் இரண்டும் கட்டுக்குள் இருந்தன. பிடிக்க வழியில்லாமல் அவன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். “அந்தாளு யாரு?” என்று அவன் கேட்டதற்கு, “பேசட்டும் விடு, நல்லா நிதானமாப் பேசட்டும்” என்றாள்.

பெத்திபிரிட்ஜ் அந்தக் கட்டிலுக்கு வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. குறிப்பேட்டை நீட்டினார். ஹெஸ்டர் கையை நீட்டவில்லை.

“மாடியில இன்னொரு வார்டு இருக்கு சார். அவங்களும் மாலுமிங்கதான்.”

பெத்திபிரிட்ஜ் மாடிப்படி ஏறினார். ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சைலஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.