எறும்பு செத்த பால்

மல்லிகைப் பூவை எல்லோரும் தலையில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். மார்பில் வைத்துக் கட்டிப் பார்த்தது என் ஓரகத்தியிடம் மட்டும்தான். கணவரின் அண்ணன் மனைவி அவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில், குடுமியான்மலைப் பக்கம் அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது, அக்காவின் தலைப்பிள்ளை கைக்குழந்தை. குடித்த பாலையெல்லாம் கக்கினான். குடித்து முடித்ததும் தூளியில் போடுவோம். சற்று நேரத்தில் துணி நனைந்துவிடும், தயிராகத் திரிந்த பால் கழுத்து மடிப்பில் நிற்கும். முதுகை வில்லாக வளைத்து அழுவான். குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவித் தட்டிப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

ஒருநாள் மாமியார் அக்காவின் பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சச் சொல்லி, அதில் ஓர் எறும்பைப் பிடித்து விட்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். எறும்பு ஏறி வந்தால் நல்ல பால்; செத்தால் ஆகாத பால். அது கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கிப்போனது.

“பாத்தியாத்தா? ஒம் பாலு பிள்ளைக்கு ஆகாது. இனிமே வாயில வைக்காத.”

“இன்னொரு எறும்ப விட்டுப் பாருங்கத்தே,” என்று அக்கா கெஞ்சினார்.

“ஊரு எறும்பையெல்லாம் ஒம் பாலுக்குப் பலி குடுக்கச் சொல்றியா?”

அன்றே பால் வற்றட்டும் என்று மல்லிகையை வைத்துக் கட்டினார்கள். மாமியார் ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார். அதையும்தான் கக்கினான்; யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அழும்போதெல்லாம் அக்காவின் ரவிக்கை நனையும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவன் உட்காரப் பழகியதும் கக்குவது தானாக நின்றது. ஆட்டுப்பால்தான் காப்பாற்றியது என்றார்கள். அக்காவும் நம்பிவிட்டார். அடுத்துப் பெண் பிறந்தபோது, யாரும் சொல்லாமலே, அதை மார்பில் சேர்க்கவில்லை. “எங்கிட்ட இருக்கது வெஷம், தங்கச்சி,” என்றார், உப்பு இல்லை என்று சொல்வதுபோல.

அறுபதுகளில் என் மகனும் அதேபோலக் கக்கினான். மாமியார் அப்போது உயிரோடு இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்சம்மா அவனைத் தூக்கிப் பார்த்தார். “நல்லாக் கொழுகொழுன்னுதானே இருக்கான்? பயப்படாதீங்க. பச்சப்பிள்ளைக்கு எரப்பை வாய் இன்னும் இறுகியிருக்காது, குடிச்சது மேல ஏறி வருது. ஒடனே தூளியில மடக்கிப் போடாம, தோள்ல நிமுத்திப் பிடிங்க. உக்கார ஆரம்பிச்சா நின்னுரும்.”

கதவோரம் நின்ற அக்கா மெதுவாகக் கேட்டார். “பாலுல விட்ட எறும்பு செத்துச்சேம்மா?”

“எந்தப் பாலுல விட்டாலும் முங்கிச் சாகத்தாங்க செய்யும். அதுக்கென்ன நீச்சலா தெரியும்?”

நர்சம்மா சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

நர்சம்மா போன பிறகு, “பிள்ளையக் கொஞ்சம் குடு,” என்று அக்கா வாங்கிக்கொண்டார். தோளில் நிமிர்த்திப் போட்டு முற்றத்தில் நடந்தார். அவன் தூங்கிய பிறகும் இறக்கவில்லை. ஒரு வாய் கக்கினான்; அக்காவின் முதுகில் வழிந்தது. துண்டோடு போனேன். “இருக்கட்டும், விடு.”

அந்த நேரம் அவருடைய மூத்த மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். பையைப் போட்டுவிட்டு, “ஆத்தா, பசிக்குது,” என்றான்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் போய்ச் சோறு போட்டேன்.