பால் பாத்திரத்துக்குக் கட்டணம் உண்டா?

விலை பேசி முடித்து, வீடு வாங்க வந்தவர் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்போது "அப்புறம்…" என்று தொடங்குகிறவன்தான் குடியிருப்பு மேலாளர். துடியலூரில் நூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள வளாகத்தில் பல வருஷமாக எனக்கு அதுதான் வேலை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவன். குடியிருப்போர் சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் படித்துத்தான் இங்கிலீஷே கற்றுக்கொண்டேன். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டும் உங்களுக்கு என் பாடு புரியும்.

கார்ப்பஸ்

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமியும் அவர் மனைவி சுலோச்சனாவும் தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்தார்கள். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். அந்த அம்மாவுக்கு இந்த வீடு எப்படியும் வேண்டும். அவரோ, "இன்னொரு கட்டணம் சொன்னீங்கன்னா நாங்க கெளம்பிருவமுங்க" என்றார். என்னிடம் இன்னும் மூன்று இருந்தன.

முதலில் கார்ப்பஸ். எல்லா வீட்டாரும் ஒருமுறை கட்டுவது, பெரிய செலவு வந்தால் எடுப்பது என்று விளக்கினேன். "தீவாளிச் சீட்டுக் கட்டுனா பாத்திரமாச்சும் வருமுங்க. இதுல என்னங்க வரும்?" என்றார். கட்டடத்துக்குப் பெயிண்ட் வரும் என்றேன். அந்த அம்மா முந்திக்கொண்டார்: "பெயிண்ட் வருதுல்லங்க, கட்டிப்போடுங்க."

லிஃப்ட்

மாதப் பராமரிப்பில் லிஃப்டும் சேர்த்தி என்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மாடிப்படியே மிதிக்காதவன் லிஃப்டுக்கு எதுக்குங்க கட்டோணும்?" தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில்தான் இருக்கிறது, எல்லாம் பொது என்று ஏதோ சொன்னேன். "தண்ணி லிஃப்டுலீங்களா போகுது?" என்று கேட்டார். பதில் சொன்னது சுலோச்சனாதான்: "உக்காருங்க. வாரம் ஒருக்கா வத்தல் காயப்போட நான் மேல போறேன். ஏறி எறங்கியே கழிச்சுப்போடறேன்."

பால்

மூன்றாவது, சாமான் ஏற்றி இறக்கும் கட்டணம். லாரி வரும் அன்று கட்டிக்கொள்கிறேன் என்று அவர் போய்விட்டார், நானும் சரியென்றேன். பத்திரம் முடிந்து, வெள்ளிக்கிழமை விடியற்காலை முகூர்த்தத்தில் பால் காய்ச்ச ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அடுப்பையும் சிலிண்டரையும் பார்த்த காவலாளி, "சாமான் வருது, ரசீது இல்லீங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

போன் வந்து நான் ஓடினேன். "வா அம்மணி, போலாம். இந்த ஊட்ட வித்துப்போடறேன்" என்று பழனிச்சாமி கத்திக்கொண்டிருந்தார். சுலோச்சனா பால் பாத்திரத்தை இடுப்போடு அணைத்தபடி என்னையே பார்த்தார். முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம்கூட இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். 'வண்டியில் கொண்டுவரும் சாமான்' என்றுதான் இருந்தது.

"ஆட்டோ வெளியவே நிக்கட்டும். எல்லாத்தையும் கையில தூக்கிட்டு வாங்க" என்றேன். அடுப்பை நான் எடுத்தேன். நிறுத்திய காவலாளியே சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டார்.

நேரத்துக்குப் பால் பொங்கி வழிந்தது. முதல் தம்ளரை அந்த அம்மா எனக்குத்தான் கொடுத்தார். மனைவி போனபிறகு நானே காய்ச்சி நானே குடிக்கிறவன். பிறர் கையால் குடித்த அந்தப் பால் ருசியாக இருந்தது. பழனிச்சாமி மெல்லப் பக்கத்தில் வந்தார்: "ஏனுங்க, கையில தூக்குனா கட்டணமில்லைன்னா, அடுத்த வாரம் பீரோவையும் அப்படியே தூக்கிட்டு வந்தரட்டுங்களா?"

அடுத்த கூட்டத்திலேயே விதியைத் திருத்திவிட்டோம்: பால் பாத்திரத்துக்கு விலக்கு உண்டு, பீரோவுக்குக் கிடையாது.