கலாவோட ரெண்டாவது ஷிஃப்ட்

எங்க கலாகிட்ட ரெண்டு வருஷம் சம்பளமில்லாம வேலை வாங்குச்சு ஒரு வெப்சைட். இதுல சந்தேகமே வேண்டாம்.

2006. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பிரவுசிங் சென்டர்... எத்தனை சோப்பு போட்டாலும், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில ஈயம் பத்தவைக்கிற எங்க விரல்ல சால்டர் புகை வாசனை போகாது. அந்த விரலாலதான் எழுத்தழிஞ்ச கீபோர்டைத் தட்டுவோம்.

நானும் கலாவும் ஒரே லைன், ஒரே ரூம். நான் கெலமங்கலம். அவ விருதுநகர் பக்கம். வந்து இறங்கின அன்னிக்கு ரூம் கிடைக்காம பையோட தெருத்தெருவா அலைஞ்சவ. இனி எந்தப் பொண்ணும் அப்படி அலையக் கூடாதுன்னு அந்த சைட்ல ஒரு குரூப் ஆரம்பிச்சா.

எந்த வீட்டு ஓனர் தண்ணிக்குத் தகராறு பண்ணுவான், எந்த கான்ட்ராக்டர் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவான்... எல்லாம் எழுதுவா. ஷிஃப்ட் முடிஞ்சா நேரா அங்கதான்.

சென்டர் ஓனர் மஞ்சு அண்ணன் கன்னடக்காரர். "ஏனம்மா, இது செகண்ட் ஷிஃப்ட்டா? ஓ.டி. உண்டா?"

"ஓ.டி.யா? உங்களுக்குக் காசு குடுத்துல்ல வேலை செய்யறேன்ணா!"

சிரிப்போம். அது எவ்வளவு நெசம்னு அப்ப உறைக்கல.

எங்களைப் பிழிஞ்ச கம்பெனிகூட, லைன்ல ஸ்டூலை ஒரு ஜாண் நகர்த்தலாம்னு கலா எழுதிப் போட்ட யோசனைக்கு ஒரு எவர்சில்வர் டிஃபன் பாக்ஸ் குடுத்துச்சு. அதுல அவ பேரையும் வெட்டிக் குடுத்தாங்க.

ஒருநாள் போய்ப் பார்த்தா குரூப்பே இல்லை. சைட்காரங்க தூக்கிட்டாங்க. காரணம் சொல்லலை.

"ஞாயித்துக்கிழமை சேலத்துல இருந்து ரெண்டு பொண்ணுங்க வருதுடி. அதுங்க நம்பர், ரூம் அட்ரஸ் எல்லாம் அதுலதான இருந்துச்சு!"

எழுதினதை மட்டுமாவது திருப்பிக் குடுங்கன்னு கலா அந்த சைட்டுக்கு மெயில் போட்டா. அன்னிக்கு மஞ்சு அண்ணன் காசு வாங்கலை.

ஞாயித்துக்கிழமை காலையிலயே பஸ் ஸ்டாண்டுல போய் நின்னோம். பையோட இறங்கின ஒவ்வொரு பொண்ணுகிட்டயும், "சேலமாம்மா?"

அந்த ரெண்டு பேரும் கிடைக்கல. வேற மூணு பொண்ணுங்களுக்கு ரூம் பார்த்துக் குடுத்துட்டு, பசியோட திரும்பினோம். கலா முகத்துல அப்பதான் கொஞ்சம் சிரிப்பு.

இப்ப பிரவுசிங் சென்டர் இல்லை. கையில ஃபோன் இருக்கு. வேற சைட்ல, வேற குரூப்புல, கலா இன்னும் பதில் சொல்லிட்டுத்தான் இருக்கா. திருந்தாத ஜென்மம்... நான் மட்டும் என்ன, இதையும் சும்மாதானே எழுதிட்டிருக்கேன்.

டிஃபன் பாக்ஸ்ல அவ பேரு இன்னும் தேயலை. மெயிலுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் பதிலே இல்லை.

அவளுக்காக நான் கேக்கறேன். எங்க கலா எழுதினதைத் திருப்பிக் குடு.