கழிப்பறைச் சுவரில் இரண்டு பெண்கள்

தாராவியில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் இசக்கிசெல்விக்கு முன்பல் ஒன்று பாதிதான் உண்டு. மீதிப் பாதியை எதிர்வீட்டு சைனப் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் எவர்சில்வர் குடத்தால் எடுத்துவிட்டாள். தண்ணீர்க் குழாய் வரிசையில் இசக்கிசெல்வி தன் குடத்தை முன்னால் நகர்த்தியதும், சைனப் அதை உதைத்ததும், இவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்ததும் அதற்கு முன் நடந்தவை. அன்றிலிருந்து பேச்சில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவே சந்து நான்கடி. எதிர்வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பது இங்கே தும்மலில் தெரியும். அப்படிப்பட்ட சந்தில் ஒருத்தியை இத்தனை வருடம் பார்க்காமல் இருக்க, சாமியார்களுக்கும் வாய்க்காத மனக்கட்டுப்பாடு வேண்டும்.

போன தை மாதம் எங்கள் பகுதிக்குக் கலை வந்தது. செம்பூரைச் சேர்ந்த ஓவியர் பானுமதி, பொதுக் கழிப்பறையின் நீளச் சுவரில் மக்களின் நினைவுகளை மக்களே சொல்லச் சொல்ல வரையப்போவதாக அறிவித்தாள். எதை வரைவது என்று முடிவெடுக்கப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். அந்த நேரத்தில் வேலைக்குப் போகாமல் இருந்த மக்கள், குடியிருப்போர் சங்கத் தலைவர் பேச்சிராஜா ஒருவர்தான். அவர் கூடினார். அவரே பேசினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டு வாரம் கழித்து வேலை முடிந்து வந்த இசக்கிசெல்வி, சுவரில் பத்தடி உயரத்துக்குத் தன்னையே பார்த்தாள். எதிரில் சைனப். இருவரும் ஒரே குடத்தைப் பிடித்துக்கொண்டு பற்பசை விளம்பரம்போலச் சிரித்தார்கள். பின்னாலிருந்த குழாயில் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. தாராவியின் வேறெந்தக் குழாயும் அறியாத பழக்கம். மேலே கொட்டை எழுத்தில் ‘ஒற்றுமை’.

பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சைனப்தான்.

“பாத்தியாட்டி அநியாயத்த?” என்றாள், கோபத்தில் பேசக்கூடாது என்பதையே மறந்து. “ஒன்னப் பாத்து நான் இளிச்சிக்கிட்டு நிக்கேன்!”

“எனக்கு வேற பல்ல முழுசாக் குடுத்திருக்காவ. அப்பம் நீ அடிச்சது?”

“அதான் நானும் கேக்கேன். சும்மாவா அடிச்சேன்?”

இருவரும் நேரே சங்க அலுவலகத்துக்குப் போனார்கள். பேச்சிராஜா மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார்.

“அண்ணாச்சி, நாங்க எப்பம் ஒத்துமையா இருந்தோம்?” என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

“பாரம்பரியம்னா அப்படித்தாம்மா. அதுல சண்டையெல்லாம் வரப்படாது.”

“அப்பம் எங்களுக்குப் பாரம்பரியமே கெடையாதே!” என்றாள் சைனப்.

இருவரும் சுவருக்கே திரும்பி வந்து முறையிட்டார்கள். சாரத்தின் மேல் நின்றிருந்த பானுமதி மட்டும் அவர்கள் சொன்னதைக் கேட்டாள். கீழே இறங்கி வந்து, “நிஜமா எப்படி நடந்துச்சு? செஞ்சு காட்டுங்க ஆன்ட்டி, அழிச்சுட்டு வரையறேன்” என்றாள். சைனப் யாருடையதோ ஒரு குடத்தை எடுத்து ஓங்கினாள். இசக்கிசெல்வி முந்தானையைப் பிடித்தாள். பானுமதி அப்படியே நிற்கச் சொல்லித் தாளில் படம் போடத் தொடங்கினாள். கலைக்காகப் பத்து நிமிடம் இருவரும் கொலைவெறியோடு அசையாமல் நின்றார்கள்.

“அன்னைக்கி ஏன்ட்டி ஒனக்கு அவ்வளவு கோவம்?” என்று மெல்லக் கேட்டாள் இசக்கிசெல்வி.

“மூத்தவனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். துணிய நனைச்சிப் போடக்கூட வீட்ல தண்ணி இல்ல.”

“சொல்லிருக்கலாம்லா?”

“நீ கேட்டியா?”

முந்தானையைப் பிடித்திருந்த இசக்கிசெல்வியின் கை கொஞ்சம் தளர்ந்தது. “நல்லா இழுத்துப் பிடிங்க ஆன்ட்டி” என்றாள் பானுமதி.

திறப்பு விழாவுக்கு ஒரு பிரமுகர் வந்தார். ஓங்கிய குடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது என்ன என்று இந்தியில் விசாரித்தார். பேச்சிராஜா அசரவில்லை. “அந்தம்மா இந்தம்மாவுக்குத் தண்ணீர் வழங்குகிறார் சாகேப்” என்றார். பிரமுகர் நெகிழ்ந்து கைதட்டினார். பிறகு புகைப்படம் எடுக்க இடைஞ்சலாக ஓவியத்தை மறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்களை ஓரமாகப் போகச் சொன்னார்கள். ஓரமாகப் போய், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ரம்ஜானில் சைனப் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு பத்தவில்லை என்று இசக்கிசெல்வி மூன்று வீடு கேட்கச் சொன்னாள். மறுநாள் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு அவளே அங்கே போய் நின்றாள்.